மண்தவளைக் குழி

பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே வெறும் நிலம் விட்டிருப்பார்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்று. அந்த நிலத்தை யாரும் உழுவதில்லை, வெடி காயவைக்கிற மேடை தவிர எதுவும் கட்டுவதில்லை, ஆடு மாடும் உள்ளே வராது. எங்கள் உயிர்ப்பயத்தின் புண்ணியத்தில் மண்தவளைகள் அங்கே குடியிருந்தன. நான் வேலை பார்ப்பது தாயில்பட்டிப் பக்கம்.

பணியாரம் அளவுதான் இருக்கும், மண் நிறம். பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கும். முகம் மட்டும் கடைசிவரை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மழை பெய்தால்தான் வெளியே வரும்.

போன கோடையில் நல்ல மழை. வெடிமருந்தில் ஈரம் படக்கூடாது என்று வேலையை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது, லோடு வண்டியின் சக்கரம் பதிந்த குழியில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நாளில் அதில் கருப்புக் கருப்பாய்த் தலைப்பிரட்டைகள் நெளிந்தன.

வெயில் ஏறியது. வெடி காயாவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை. காலையில் வானத்தைப் பார்த்து, நல்லா வெயில் அடிக்கணும் சாமி என்று கும்பிடுவேன். உள்ளே வந்து குழியைப் பார்த்தால் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருக்கும். உனக்கு என்னதான்டி வேணும் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ரூம் வாசல் தொட்டியில் தண்ணீர் உண்டு. ஆனால் நாள் முழுக்க எல்லோரும் மருந்துக் கையை முக்கி முக்கி அது வெள்ளியாய் மினுங்கும். அதை ஊற்றினால் அன்றைக்கே கதை முடிந்தது. அதனால் குடிக்கக் கொண்டுபோன பாட்டிலில் மிஞ்சியதைக் குழியில் ஊற்றினேன். எதிர் ரூமில் திரி சொருகுகிற அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏ பிள்ள, நமக்கே தண்ணி காங்கல. நீ தவளைக்குத் தண்ணிப் பந்தல் போடுறியாக்கும்?”

மறுநாளிலிருந்து அவர் பாட்டிலும் அங்கேதான் கவிழ்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் குழியோரம் குத்தவைத்து, “காலு மட்டும் முளைச்சிருச்சுன்னா தப்பிச்சிரும் பாரு” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் ஒரு கம்பெனி வெடித்தது. அக்காவின் சித்தி மகள் அங்கே வேலை பார்த்தாள். ஆபீசர்கள் செக்கிங் வருவார்கள் என்று மதியமே எங்கள் கம்பெனியையும் பூட்டிவிட்டார்கள்.

அக்காவோடு அவர் சித்தி வீட்டுக்குப் போனேன். முகத்தைத் திறந்து காட்டவில்லை, துணி சுற்றியபடியே கொண்டுபோனார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? பந்தலுக்கு வெளியே வெயில் தகித்தது. அதைப் பார்த்ததும் குழி ஞாபகம் வந்தது. சீ, இப்பவா என்று என்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனால் ஞாபகம் போகவில்லை.

மறுநாள் ஒரு குடம் தண்ணீரோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

“ஈ காக்கா உள்ள போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காகம்மா. எதுக்கு வந்தீக?” என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

ஊரே சாவு வீடாய்க் கிடக்கும்போது தவளைக்கு என்று எந்த வாயால் சொல்வது? டிபன் பாக்ஸை விட்டுவிட்டேன் என்றேன். அவர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தொறந்ததும் எடுத்துக்கிடுங்க” என்றார். கம்பி வேலி வழியே குழி இருந்த பக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குடத்தை வேலியோரம் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

கம்பெனி திறந்த அன்று அக்காவும் வேலைக்கு வந்தார். பையைக்கூட வைக்காமல் நேரே குழிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மண் பாளம் பாளமாய்க் காய்ந்திருந்தது. தலைப்பிரட்டைகள் அதோடு ஒட்டிக் கிடந்தன. சிலதுக்குப் பின்னங்கால் வந்திருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

“காலு இருந்தும் ஓட முடியலையே பிள்ள” என்றார்.

போர்மேன் அந்தப் பக்கமாக வந்தார். “நல்ல வெயிலு. வெடியக் கொண்டாந்து பரப்புங்க” என்றார்.

குழிக்குப் பக்கத்து மேடையில் பரப்பினோம். அன்றைக்கு எல்லாம் நன்றாகக் காய்ந்தது.