தம்பி மேல் ஒரு பிராது

“உன் தம்பி பேர்ல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டப் போறேன்டி! சாமியே கேக்கட்டும்!”

புருஷன் தங்கராசு சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னதும் கயல்விழியின் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. விருத்தாசலத்தில் பிறந்தவளுக்கு அது வெறும் கோபப் பேச்சு அல்ல. மணவாளநல்லூர்க் கோயிலில் எழுதிக் கட்டுகிற புகாரைச் சாமியே விசாரித்துத் தண்டிப்பார். அப்படிக் கட்டிய பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே உறவு ஏது?

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன்பு கயல்விழி பீங்கான் கோப்பை செய்யும் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள். சாயங்காலங்களில் டைப்பிங் கற்றுக்கொண்டு, செராமிக் சூளைக்கு முன்பக்கமாக ஒரு கடை பிடித்து, கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவன் பெண்ணாடத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி இனியவன். ஒன்றரை வருஷம் குதிரை மாதிரி ஓடியது. பங்குனி பிறந்ததும் பிடித்தது சனி. பாதி பத்திரிகை அடிக்கும்போதே திரை நீலமாகும், வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டும், அப்படியே செத்துப்போகும்.

எல்லோரும் களிமண் தூசியைத்தான் குறை சொன்னார்கள். செராமிக் ஊரில் எதற்கும் அதுதான் பதில். ஊதினார்கள், துடைத்தார்கள். இனியவன் அதைப் பெண்ணாடத்துக்கே தூக்கிப்போய் ஓட்டிப் பார்த்தான். அங்கே ஒரு தும்மல்கூடப் போடவில்லை. இங்கே கொண்டுவந்து வைத்த மத்தியானமே மறுபடியும் நீலம்!

“அவன் கடையில ஓடுது, நம்ம கடையில ஓடல. பழைய சாமானைத் தலையில கட்டிட்டு நடிக்கிறான்” என்று தங்கராசு தீர்மானித்துவிட்டான். இப்போது வெள்ளைத்தாளை அவள் முன்னால் நீட்டினான். “உன் கையெழுத்துதான் அழகா இருக்கும். எழுது.”

கூடப்பிறந்தவன் மேல் அவள் கையாலேயே பிராதா! ‘எதிரியின் பெயர்’ என்று எழுதியவள், அதற்கு மேல் ஒரு எழுத்தும் ஓடாமல் நிமிர்ந்தாள்.

“ஏங்க, தப்பான பேரை எழுதிட்டா சாமி யாரைங்க தண்டிக்கும்?”

தங்கராசு சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்தினான்.

“குத்தவாளி யாருன்னு தெரியாம பிராது கட்டக் கூடாதுங்க. எனக்கு இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் டைம் குடுங்க!”

சொல்லும்போதே அவள் கை பின்சுவரில் பட்டது. சுரீரென்று சுட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் சூளை! அவளுக்குள் ஏதோ பளிச்சென்றது. கோப்பைகளைத் தரம் பிரித்த நாட்கள்... ஆறியிருக்கும்போது முத்துப்போல் இருக்கும் கோப்பை, கொதிநீரை ஊற்றியதும் மயிரிழை விரிசலைக் காட்டிக் கொடுக்குமே!

தம்பிக்குப் போன் போட்டாள். “டேய், கம்ப்யூட்டரைச் சோதிக்கிற சிடி இருக்குதுன்னியே, எடுத்துக்கிட்டு உடனே பஸ் ஏறு. பெண்ணாடத்துல கேட்டா அது உண்மைய சொல்லாது. இங்க, இந்தச் சூட்டுல கேக்கணும்.”

“மாமா இருக்காரா?”

“இருக்காரு. நீ வா!”

இனியவன் வந்தான். மாமன் முகத்தைப் பார்க்காமலே சிடியைப் போட்டான். கயல்விழி ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். மூவரும் வேர்த்து வழிந்தார்கள். திரையில் கணக்கு ஓடியது. திடீரென்று ஒரு சிவப்பு வரி. இன்னொன்று. மளமளவென்று திரை முழுக்கச் சிவப்பு!

“அக்கா, மெமரிதான்! போர்டு இல்ல, டிஸ்க்கு இல்ல, மெமரி!” என்று இனியவன் கத்தினான். “பெண்ணாடத்துல சுத்தமா ஓடுச்சே, அதான் நம்பிட்டேன்!”

“உள்ள ரெண்டு மெமரித் தகடு இருக்குதே. எது?”

ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். சிவப்பே இல்லை. அதை மாட்டி இதைக் கழற்றினார்கள். சூடு ஏற ஏற மறுபடியும் ரத்தச் சிவப்பு! கயல்விழி கைதட்டித் துள்ளினாள். குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான்!

இனியவன் அந்தப் பச்சைத் தகட்டைப் புரட்டிப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. “இதுல எங்க கடை ஸ்டிக்கர் இல்லியே அக்கா. நான் போட்டது ஒன்னுதான்.”

கயல்விழி புருஷனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். போன தை மாதக் குளிரில், அவர்கள் கல்யாண நாளன்று, புதுச்சேரியிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிவந்து, “இனிமே ஃபோட்டோல்லாம் சும்மா பறக்கும் பாரு” என்று தன் கையாலேயே அதை மாட்டியவன் தங்கராசு.

“அது... நான்...” என்றவனின் கண்கள் நிரம்பிவிட்டன.

இனியவன் தாளை எடுத்தான். “எதிரி பேரு காலியா இருக்குதே. எழுதிடலாமா மாமா?”

“எழுதுடா மச்சான். பெருசா எழுது” என்று தங்கராசு விம்மலோடு சிரித்து, அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

கயல்விழி தாளைப் பிடுங்கினாள். “வாங்கியாந்த சாமான்தாங்க கெட்டுது, வாங்கியாந்த மனசு கெடலியே!”

அன்று சூளை கொதிக்கக் கொதிக்க அவள் பத்திரிகை அடித்தாள். திரை ஒருமுறைகூட நீலமாகவில்லை. வாசலில் மொபெட் உறுமியது, பின்னால் இனியவன்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“கோயிலுக்குத்தான்!” என்றான் தங்கராசு. “ரெண்டு பேருமா போயி அபிஷேகத்துக்குப் பால் குடுத்துட்டு வரோம்.”

எதிரியின் பெயர் எழுதாத அந்தத் தாளைத் திருப்பிப் பிரிண்டரில் செருகினாள் கயல்விழி. அதன் மறுபக்கத்தில் மாதிரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது.