பொதுக் கோப்புறையில் இருந்த கடவுச்சொல்

யாழ்ப்பாண நகரத்தில், வீட்டில் அடி தாங்க முடியாமல் வெளியேறி வரும் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். கணினி தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருவேன்.

எங்களிடம் வரும் ஒவ்வொரு பெண்ணின் விபரமும் ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும். பெயர், பிள்ளைகள், காயங்கள், பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்றத் தவணை எல்லாம் அதில் இருக்கும். யாரை எந்த வீட்டில் மறைவாகத் தங்க வைத்திருக்கிறோம் என்பது மட்டும் வேறோர் அட்டவணையில். அதைப் பார்க்கப் பொறுப்பாளர் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே அனுமதி.

மாலையில் கணினிகளை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஆகவே, பக்கப் என்று நாங்கள் சொல்லும் காப்புப் பிரதி எடுப்பதைப் பகல் ஒரு மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்துக்கு வைத்திருந்தேன். ஒரு சின்ன நிரல் தானாக ஓடித் தரவுத்தளம் முழுவதையும் நகலெடுத்து இன்னொரு வட்டில் வைக்கும். தானாக ஓடும்போது கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுக்க ஆள் இருக்காது. அதனால் அதை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். எல்லா உரிமையும் உள்ள என் கணக்கின் கடவுச்சொல் அது. காப்புப் பிரதிக்கென்று தனிக் கணக்கு உண்டாக்க அரை மணித்தியாலம் போதும். அன்று எனக்கு அது பெரிய வேலையாகப் பட்டது.

பிறகு எனக்கு டெங்கு வந்து இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்த அன்றே பொறுப்பாளர் அக்கா கேட்டா: "நீர் இல்லாத நேரம் உந்தப் பக்கப் நிண்டுபோச்செண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

"ஆரெண்டாலும் ஓட்டிவிடக்கூடிய மாதிரி வைக்கிறன் அக்கா," என்றேன். நிரலைத் தூக்கி எல்லோரும் பாவிக்கும் பொதுக் கோப்புறையில் போட்டேன். அக்காவுக்குத் திருப்தி. எனக்கும் ஒரு பாரம் குறைந்தது.

அதற்குச் சில மாதங்களின் பின் பருத்தித்துறையிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். முன்பள்ளி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். தாடை வீங்கி வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆறு வயது மகளை மாமியார் விடவில்லை என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். இடையில் நிறுத்தி, "இதை ஆர் ஆர் பாப்பினம்?" என்று கேட்டாள்.

"நீங்கள் இருக்கப்போற இடத்தைப் பாக்கிறது ரெண்டே ரெண்டு பேர்தான்," என்றேன். அதை நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை.

சுன்னாகத்தில் சந்தைக்குப் பின்புறமாக ஒரு வீட்டில் அவளைத் தங்க வைத்தோம். வீட்டுக்காரர் வெங்காய வியாபாரிகள். அவர்களோடு இருந்து வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டு மூன்று மாதம் இருந்தாள். தாடை ஆறி, சாப்பாடு மென்று சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் காலை அந்த வீட்டு அம்மா தொலைபேசி எடுத்தா. கணவன் ஓட்டோவில் வந்து வாசல் படலையடியில் நின்றிருக்கிறான். ஓட்டோவுக்குள்ளே மகள் இருந்திருக்கிறாள். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டதும் இவள் கை கூடக் கழுவாமல் ஓடிப்போய் ஏறியிருக்கிறாள். ஓட்டோ போய்விட்டது.

நாங்கள் பொலிசுக்குப் போனோம். அவள் பொலிசுக்கு வந்து, தன் விருப்பத்தோடுதான் போனதாகக் கையெழுத்து வைத்தாள். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவன் எப்படி இடத்தைக் கண்டுபிடித்தான் என்று அக்கா கேட்டா. தரவுத்தளத்தில் யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்பது ஒரு கோப்பில் பதிவாகிக்கொண்டே இருக்கும். நான் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தேன். அவள் ஓட்டோவில் ஏறிப் போவதற்கு நான்கு நாள் முன்பு, காப்புப் பிரதி ஓடி முடிந்து சில நிமிடங்களில், முகவரி அட்டவணையில் அவளுடைய ஒரே ஒரு வரியை மட்டும் யாரோ எடுத்திருந்தார்கள்.

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்தா. பிறகு, "உம்மடை பேரிலை எல்லோ கிடக்கு," என்றா.

என் கணக்குத்தான். அக்கா என்னைச் சந்தேகித்த அந்தச் சில நிமிடங்களை நான் அவவில் குறையாக எடுக்கவில்லை. நானென்றாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அடுத்த வரியில் எந்தக் கணினியிலிருந்து என்று இருந்தது. அது பதிவு வேலை செய்யும் அண்ணையின் கணினி.

அவர் குருநகர்க்காரர். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். மெதுவாகக் கதைப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். டெங்குவில் கிடந்தபோது பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து தந்தவர்.

அக்கா அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டா. அவர் மறைக்கவில்லை.

"அவளின்ரை புருசன்ரை தமையன் எனக்குக் கடல்தொழிலாலை பழக்கம். அவன் வந்து என்ரை காலிலை விழுந்து அழுதவன். பிள்ளை சாப்பிடுதில்லையாம். குடும்பம் ஒண்டு சேரட்டும் எண்டு நினைச்சன்."

"கடவுச்சொல்லை ஆர் தந்தது?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தரும் தரேல்லை தங்கச்சி. நீங்கள் பொதுவிலை போட்ட அந்தப் பக்கப்பைத் திறந்து பாத்தன். அதிலையே எழுதிக் கிடந்தது. எல்லாரும் பாக்கலாமெண்டுதானே போட்டனீங்கள்?"

அவருக்கு அன்றே வேலை போனது. எனக்குப் போகவில்லை. என்னை அனுப்பினால் திருத்த ஆள் இல்லை என்று அக்கா வெளிப்படையாகச் சொன்னா.

அன்று பின்னேரமே திருத்தத் தொடங்கினேன். வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கொன்றைக் காப்புப் பிரதிக்கு உண்டாக்கினேன். கடவுச்சொல்லை நிரலிலிருந்து எடுத்து, அந்த நிரலை ஓட்டும் கணக்கு மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் வைத்தேன். நிரலைப் பொதுக் கோப்புறையிலிருந்து நீக்கினேன். எடுத்து வைக்கும் பிரதிகளையும் திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டினேன். பழைய கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லாம் முடிய இரண்டு மணித்தியாலம்கூடப் போகவில்லை. அதுதான் என்னை இருந்த இடத்தை விட்டு எழும்ப விடாமல் செய்தது.

ஐந்து கிழமை கழித்து அவள் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தகவல் வந்தது. கழுத்திலிருந்து வலது தோள்வரை சுடுதண்ணீர். கேத்தல் கைதவறி விழுந்தது என்று கணவன் சொல்லியிருந்தான். இந்த முறை அவள் வேறு வாக்குமூலம் கொடுத்ததால் அவனைப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் போனபோது பிள்ளை தாதியொருத்தியின் கதிரையில் படுத்திருந்தது.

வரும் வழியிலேயே அக்கா, "அவவுக்கு எல்லாத்தையும் சொல்லத் தேவையில்லை," என்று சொல்லியிருந்தா. அக்கா மருத்துவரோடு கதைக்கப் போன நேரம் கட்டிலருகே நின்று சொன்னேன். கடவுச்சொல் எங்கே இருந்தது, யார் பார்த்தார், அதை அங்கே வைத்தது நான்தான் என்பது வரை.

கழுத்தைத் திருப்ப முடியாததால் அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை."

"இல்லை."

"ஓம். ஆனால் எனக்கு அதிலை ஒரு வித்தியாசமும் இல்லை, என்ன?"

நான் நின்றேன். அவள், "இனி உங்களிட்டை நான் வரமாட்டன். அக்காவிட்டையும் சொல்லுறன். என்ரை பேரை உதிலையிருந்து எடுத்துவிடுங்கோ. ஒரு இடத்திலையும் இருக்கக்கூடாது," என்றாள்.

அக்கா சம்மதித்தா. தரவுத்தளத்திலிருந்து அவளை நீக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் காப்புப் பிரதியிலும் அவள் இருந்தாள். முதல் நாளின் வீங்கிய தாடையோடு, சுன்னாகத்து முகவரியோடு. நான் பிரதி பிரதியாகத் திறந்து, அவளை நீக்கி, மறுபடி பூட்டி வைத்தேன். மூன்று நாள் அதே வேலை. மூன்றாம் நாள் அவளுடைய விபரம் எனக்குப் பாடமாகிவிட்டது.

மாதத்துக்கு ஒரு பிரதி கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்துக்கும் போயிருந்தது. அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அழித்துவிட்டோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அங்கே அதை யார் திறந்தார்கள், வேறெங்காவது நகலெடுத்து வைத்தார்களா என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.