சிவபாலன் மாஸ்டர் யாருக்கு வாக்களித்தார்?

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் ஈரச் சீருடையை ஹீட்டரின் மேல் விரித்தேன். அது காய்வதற்குள் தொலைபேசி அடித்தது. நோர்பரியில் சிவபாலன் மாஸ்டருக்கு மேல்மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த புவனா அக்கா. "பிள்ளை, மாஸ்டர் நித்திரையிலயே போயிட்டார். தேத்தண்ணி கொண்டுபோய்த் தட்டினன், திறக்கேல்லை."

மாஸ்டரும் நானும் ஊரில் ஒரே தேர்தல் தொகுதிக்காரர். அங்கே பழக்கமில்லை. லண்டனில், சனிக்கிழமைகளில் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில்தான் பக்கத்துப் பக்கத்துக் கதிரைக்காரர் ஆனோம். வேலை ஓய்ந்தால் எங்கள் தொகுதியின் கதை தொடங்கும். எந்தக் கிராமம் எந்தத் தேர்தலில் யார் பக்கம் நின்றது, எந்தக் கோயில் சண்டையால் எந்தக் குறிச்சி மாறிப் போட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூட ஆசிரியர் என்பதால் பல தேர்தல்களில் வாக்குச் சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர். "விடியமுன்னமே சனம் கியூவில நிக்கும். நடக்க ஏலாத கிழவியளைக் கதிரையோட தூக்கிக்கொண்டு வருவினம். ஒரு கட்சியின்ர காரில வந்திறங்கி மற்றக் கட்சிக்குப் போட்டிட்டு, திரும்ப அதே காரில போறவையும் இருந்தவை" என்று சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வரிசை இல்லாமல் போனது. தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி இயக்கப் பொடியன்கள் மதில்களில் எழுதியிருந்தார்கள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அந்த முறை மாஸ்டருக்குத் தேர்தல் கடமை இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தனியே நடந்துபோய் வாக்களித்துவிட்டு வந்தார். அன்று மாலையே ஊர் அவரைத் துரோகி என்றது. அதே வளவில் குடியிருந்த கூடப்பிறந்த தம்பி பேச்சை நிறுத்தினார். பிறகு இருவரும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். தம்பி நகரின் மறுகோடியில், எட்மண்டனில் இருந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஒரு சனிக்கிழமை, கவுன்சில் படிவத்தோடு வந்த ஒருவர் மாஸ்டரை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் அண்டைக்கு வோட்டுப் போட்ட மாஸ்டரெல்லோ?"

"ஓம். இருங்கோ."

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"உங்கட போஸ்ட்கோட் என்ன?"

வந்தவர் படிவத்தை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

அன்று பஸ் தரிப்பில் நான் பொறுக்காமல் சொன்னேன்: "வெறுந்தாளை மடிச்சுப் போட்டனான் எண்டு சொல்லுங்கோவன் மாஸ்டர். தம்பியும் கதைப்பார். ஆர் போய்ப் பாக்கிறது?"

"அப்பிடிச் சொன்னாலும் சொன்னதுதானே, பிள்ளை" என்றார். பஸ் வரும் திசையை எட்டிப் பார்த்துக்கொண்டு, "அது ரகசியம், பயப்பிடாதேங்கோ எண்டு எத்தினை சனத்தைத் திரைக்குப் பின்னால அனுப்பினவன் நான். எனக்குக் கஷ்டம் எண்டவுடனை மாத்திக் கதைக்கிறதே?" என்றார். பஸ் வந்து நின்றபோது, ஏறுவதற்கு முன், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி ஒருக்கா எனக்கு ஃபோன் எடுத்தால் போதும்."

தம்பி மயானத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது என்னை மறித்தார்.

"தங்கச்சி, உங்களுக்கெண்டாலும் சொன்னவரே, ஆருக்கெண்டு?"

"இல்லை அண்ணை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..." முடிக்காமல் கைக்குட்டையைத் தேடினார். உங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்களில், மாஸ்டரை அறிந்த பலர் அவருடைய தேர்தல் கதைகளை ரசித்தீர்கள். சிலர் அவர் இருந்த மேசையைத் தவிர்த்தீர்கள். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது இனி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தம்பியை இழந்தும் விடாத அந்தப் பிடிவாதத்தைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் தேர்தல் வந்தால் சாப்பிடும்போது என் கணவர் ஒரு கட்சியின் பெயரைச் சொல்வார். மறுநாள் வீட்டில் எல்லோரும் போய் அதற்கே போட்டுவிட்டு வருவோம். இத்தனை வருடமும் அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. வருகிற மே மாதம் கவுன்சில் தேர்தல். யாருக்கு என்று முடிவு செய்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.