லேபிள் மாற்றும் ரூட்டர்களோடு கொடைக்கானலில் மூன்று நாள்

2006 நவம்பரில் கொடைக்கானல் போனேன். ஏரியைச் சுற்றிப் பார்க்க அல்ல, கணினி வலையமைப்புச் செய்முறைப் பயிற்சிக்கு. குளிரில் இயந்திரங்கள் சூடாகாது என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். மனிதர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

மதுரையிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்து. ஏறக்குறைய 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வத்தலக்குண்டில் டீ குடிக்கலாம்.

"மேல மேகம் எறங்கிக் கெடக்கு. ஸ்வெட்டர் வச்சிருக்கீங்கல்ல?" என்றார் நடத்துநர். இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

பயிற்சி ஒரு விடுதிக் கூடத்தில். இருவருக்கு நான்கு ரூட்டர், அதாவது தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிகள். பாடம் இதுதான்: ஓரத்து ரூட்டர் முகவரியைப் படித்து, தகவல் பொட்டலத்தின்மேல் ஒரு லேபிள் ஒட்டும். நடுவில் உள்ளவை முகவரியைப் பார்க்காமல் லேபிளை மட்டும் மாற்றி அனுப்பும்.

என் கூட்டாளி ஜெயந்தி திண்டுக்கல்லில் ஓர் இணைய நிறுவனத்தில் இரவு முழுக்கப் புகார் கேட்பவர். மூன்றாம் நாள் தேர்வில் தேறினால் பகல் வேலை. அது கிடைத்தால்தான் அய்யம்பாளையத்தில் அம்மாவிடம் விட்டிருக்கும் மகளைக் கூடவே வைத்துக்கொள்ள முடியும். நான் தேறாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முழுதாக முடியும்வரை ரூட்டரில் அடித்த கட்டளைகள் எதையும் சேமிக்க மாட்டோம். தப்பானால் அணைத்துப் போட்டு, பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். புத்திசாலித்தனம்தான், மின்சாரம் இருக்கும்வரை. தேர்வில் நான்கு ரூட்டரையும் இணைத்து முடிக்கும் தறுவாயில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழுவதற்குள் நான்கு ரூட்டரும் எல்லாவற்றையும் மறந்திருந்தன.

"போச்சுங்க," என்றார் ஜெயந்தி.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார் பயிற்றுநர். எனக்கு எரிச்சலாக வந்தது.

நடு ரூட்டர்களை நான் எடுத்துக்கொண்டேன், ஓரத்து ரூட்டர்களை ஜெயந்தி. நடுவில் வேலை குறைவு. சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், "நேரமாகுதுங்க," என்றேன்.

"பேசாம இருங்க சார். வெரசாத்தான் அடிக்கிறேன், வெரல் வெறைச்சுக் கெடக்கு."

சோதனைச் செய்தி அனுப்பினார். திரையில் வெறும் புள்ளிகள், பதில் இல்லை என்று பொருள். ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினார். வரிசையாக ஆச்சரியக்குறிகள் வந்தன, பதில் வந்துவிட்டது. பயிற்றுநர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நான் தேறியதைவிட ஜெயந்தி தேறியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கம்பளி உடையோடு போங்கள். மலையில் மின்சாரத்தை நம்பாமல் பாதியிலேயே சேமியுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

நாங்கள் மாலைப் பேருந்தில் இறங்கினோம். மலைப்பாதை பாதி தாண்டியதும் செல்போனில் சிக்னல் வந்தது. ஜெயந்தி வீட்டுக்கு அழைத்தார்.

"அம்மா, பாப்பா துணிமணியெல்லாம் எடுத்து வைங்க. காலையில வெள்ளனே கூட்டிட்டுக் கெளம்பணும்."