நான் போனால் அடங்கும் மைனாக்கள்

போன வாரம் மூன்று நாள் ஒரு டம்ளர் காபியைக்கூடச் சூடாகக் குடிக்கவில்லை நான். காரணம், இரண்டு மைனாக்குஞ்சுகள்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர் பஷீர் பாய். கடையின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறார். பின்னால் கூடு! அது சிதறிப்போக, குஞ்சுகளை பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"நீங்கதான் குருவிங்கள பத்தி பேப்பர்ல எழுதறீங்களே டீச்சர்... நீங்களே பாத்துக்குங்க."

எழுதுவது வேறு, வளர்ப்பது வேறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு கூண்டு இரவல் வாங்கி ஜன்னலோரம் வைத்தேன்.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரைமணிக்கு ஒருதரம் ஊட்ட வேண்டும். ஊறிய பொட்டுக்கடலை, முட்டையின் மஞ்சள்கரு. 'க்ரீ... க்ரீ...' என்றால் பசி. வயிறு நிறைந்தால் தொண்டைக்குள் ஒரு முனகல். கரும்பு டிராக்டர் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனாலும் கண்டுகொள்வதில்லை.

ஆனால் நான் பக்கத்தில் போனால் மட்டும் சட்டென்று மௌனம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கெஞ்சிக் கூத்தாடித்தான் வாயைத் திறக்கவைக்க வேண்டும். 'என்னிடம் எவ்வளவு மரியாதை!' என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சின்னது வாயையே திறக்கவில்லை. கழுத்து தொங்கியது. பயந்துபோய் பாயைக் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே நின்று கரண்ட் கம்பியைக் காட்டினார். அதில் இரண்டு பெரிய மைனாக்கள் — குஞ்சுகளின் தாயும் தகப்பனும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். மூணு நாளா கடையிலருந்து பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க ஜன்னலாண்ட வந்தாலே பெருசு ஒரு மாதிரி கத்துது. ஒடனே குட்டிங்க கம்முனு ஆயிடுது."

"அதுக்கு இன்னாங்க பாய்?"

"பூனை வந்தாலும் அதே மாதிரிதான் கத்துது..."

சுருக்கென்றது. முதுகு ஒடிய ஊட்டியவள் — பூனையா?

ஜன்னலருகே போனேன். கம்பியிலிருந்து 'ச்சர்ர்' என்று ஒரு கரகரப்பு. குஞ்சுகள் பதுங்கின. பின்னால் நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் 'க்ரீ'. மறுபடி முன்னால் போனேன். மறுபடி மௌனம்.

இதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? பாய் ஸ்டூல் போட்டு ஏறி, கடையில் கூடு இருந்த இடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டினார். இரண்டையும் அதில் விட்டோம்.

"நீங்க உள்ள போயிடுங்க டீச்சர். நின்னா அதுங்க வராது."

போனேன். கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். கடைசியில் பெரிய மைனா ஒன்று அலகில் வெட்டுக்கிளியோடு இறங்கியது. இரண்டு வாய்களும் திறந்தன. சின்னதும்தான்!

நாம் நல்லது செய்கிறோம் என்று நமக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கிறது என்று யார் கேட்கிறோம்?

கூடையில் மறுபடி 'க்ரீ' தொடங்கியது. நான் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன் — அது இனி என் வேலை இல்லை.