ஜெசிந்தா மேடம் எடுக்காத முடிவு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. திரையில் ‘ஜெசிந்தா மேடம்’ என்று வந்தது. மூன்று மாதமாக வராத பெயர். அப்பாடா, உடம்பு தேறிவிட்டது, என்மேல் இருந்த கோபமும் தீர்ந்துவிட்டது என்று ஆசையாக எடுத்தேன். பேசியது அவருடைய தம்பி அந்தோணி. “அக்கா போய்டுச்சு சார்” என்றார். மேடம் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மேடமே பேசுவார் என்று என் புத்தி முடிவுகட்டிவிட்டது. இந்த மாதிரி முடிவுகளை அடித்துத் திருத்துவதையே பதினோரு வருடம் வேலையாகச் செய்தவர் அவர்.

மேற்கு மாம்பலத்தில் நம் பயிற்சி மையத்தில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வங்கித் தேர்வில் ‘கூற்றும் முடிவும்’ என்று ஒரு பகுதி உண்டு. இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, கீழே ஒரு முடிவையும் கொடுத்து, இது அதிலிருந்து கிடைக்கிறதா இல்லையா என்று கேட்பார்கள். கூற்று எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த வெளி விஷயம் எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது. அதை நடத்தியவர் ஜெசிந்தா மேடம். நான் பக்கத்து அறையில் கணக்கு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். “எல்லா யானைகளும் நாற்காலிகள், எல்லா நாற்காலிகளும் போலீஸ்காரர்கள்” என்று அவர் குரல் வரும். என் வகுப்பில் ரயில் கணக்கு போட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தடுப்பைத் தட்டுவேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு யானைகளைத் தொடர்வார்.

பட்டினப்பாக்கத்துக்காரர். அம்மா கூடையில் மீன் விற்றுப் படிக்கவைத்தவர். வகுப்பில் அச்சடித்த மாதிரி தமிழ் பேசுவார். ஆசிரியர் அறைக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், உங்கள் வீட்டில் தினமும் வஞ்சிரம்தானே என்று கேட்டார். “மீனு விக்கிற ஊட்ல நல்ல மீனு இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? நல்லது வித்துடும். விக்காததுதான் எங்க கொழம்புல கீது” என்றார் மேடம். சொல்லிவிட்டு அந்தக் குழம்பில் ஒரு துண்டைக் கேட்டவர் சோற்றிலேயே வைத்தார். மனிதர் அதன்பிறகு தினமும் மேடம் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

நசீமாவை உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். அவளுடைய அப்பா ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். ஒருநாள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். பெண் மூன்று தடவை எழுதியும் தேறவில்லை, அவளுக்கு இது வராது, நிறுத்திவிடுகிறேன் என்றார். நசீமா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். மேடம் அவருக்கு நாற்காலி போட்டார். “மூணு தடவ தேறலன்றதுல இருந்து மூணு தடவ தேறலன்றதுதான் கெடைக்கும் பாய். வராதுன்றது அதுல இல்ல. அது நீங்க கொண்டாந்து போட்டது” என்றார். நாலாவது தடவையும் அவள் தேறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவதில் தேறினாள். எல்லாம் உங்களால்தான் மேடம் என்று நான் சொன்னபோது, அதுவும் கிடைக்காது சார் என்று சிரித்தார். படித்தது அவள், பரீட்சை எழுதியது அவள், நான் நடுவில் எங்கே வந்தேன் என்று கேட்டார்.

இனி எங்கள் சண்டையைச் சொல்ல வேண்டும். வயிற்றில் ஏதோ கட்டி, ஸ்கேன் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் என் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடம் கேட்டிருந்தார். போனேன். ‘சில டாக்டர்கள் பாடகர்கள்’ என்பது கூற்று. ‘சில டாக்டர்கள் பாடகர்கள் அல்ல’ என்பது முடிவு. கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். சிலர் பாடகர்கள் என்றால் மற்றவர்கள் இல்லை என்றுதானே நாம் பேசுகிறோம். ஆனால் பரீட்சையில் அது செல்லாது. சிலரைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறது. மற்றவர்களும் பாடகர்களாகவே இருந்துவிடலாம். அந்த நேரம் பார்த்து மேடம் திரும்பி வந்து, கதவருகே நின்று கேட்டுவிட்டார். உள்ளே வந்து, சார் அவசரத்தில் சொல்லிவிட்டார் என்று சொல்லி, கரும்பலகையில் என் விடையை அழித்தார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

ஆசிரியர் அறையில் நான் பேசியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எல்லாம் தெரிந்தவர் எதற்கு என்னை அனுப்பினீர்கள், உங்கள் யானையையும் நாற்காலியையும் நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று கத்தினேன். ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. மேடம் பையை எடுத்துக்கொண்டு போனார், மறுநாளிலிருந்து விடுப்பு.

பத்து நாள் கழித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. படித்துவிட்டார், பதில் போடவில்லை, ஆகவே கோபமாக இருக்கிறார் என்று முடிவுக்கு வந்தேன். அவ்வளவு திமிரா, இருக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து மேடம் வீட்டுக்கு வந்ததும் அந்தோணி எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மெசேஜைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அக்காவுக்கு ஊசி போட்டுப் போட்டு இரண்டு கையும் வீங்கிவிட்டது, போன் தன்னிடம்தான் இருந்தது, என் மெசேஜைப் படித்துக் காட்டியதும் நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. சார் மட்டும் வரலியே, இன்னா கோவமான்னு நான்தான் கேட்டேன். அக்கா என்னைத் திட்டிச்சு. ‘வரலன்றது மட்டுந்தான்டா நமக்குத் தெரியும். கோவம்னு நீயா சேத்துக்காத. பொண்ணுக்குப் பரீச்ச கீது, மனுசன் அலைஞ்சிகினுகூட இருக்கலாம்’ன்னுச்சு. கோவம் இல்லியே சார்?”

“இல்லை” என்றேன்.

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அந்தோணி.

நான் இருப்பது மயிலாப்பூரில். ஞாயிறுதோறும் நம் அடையாறு கிளைக்குப் போகிறேன். பஸ் பட்டினப்பாக்கம் வழியாகத்தான் போகிறது. மூன்று மாதம், அத்தனை ஞாயிறும் அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றது, நான் இறங்கவில்லை. எனக்கு அலைச்சல் எதுவும் இல்லை. என் பெண்ணின் பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்தோணியிடம் சொன்னது பொய். இதை அவரும் படிப்பார், படிக்கட்டும்.

மேடம் போட்ட கணக்கில் தப்பில்லை. நான் வரவில்லை என்பதிலிருந்து என் கோபம் கிடைக்காதுதான். அந்தப் படுக்கையிலும் என்னைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க அவர் விடவில்லை. நானோ இரண்டு நீலக் குறியை வைத்துக்கொண்டு அவரைத் திமிர் பிடித்தவராக்கினேன். அவருடைய நோட்டுகளை மையம் என்னிடம் கொடுத்திருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அந்த வகுப்பும் என்னுடையதுதான். ஆனால் அவரிடமிருந்து எனக்கு என்று வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: என்னைப் பற்றி அவர் எடுக்காமல் விட்ட அந்த முடிவு. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை, மேடம். ஆனாலும் திருப்பித் தர மனம் வரவில்லை.