தார்ப்பாய் மூடிய வள்ளம்

கேரளக் கரையிலுள்ள விழிஞ்ஞம் மீனவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. மீன்வளத் துறையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, மூன்று ட்ரோன்கள் கடலிலிருந்து அனுப்பும் படங்களை ஒரே திரையில் பார்ப்பது என் வேலை. தடை செய்த வலையோடு போகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ட்ரோன் தலைக்கு மேல் வந்தால் சிலர் கையை ஓங்குவார்கள். சிலர் வலையின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுத் தாங்களும் அதற்குள் நுழைந்துகொள்வார்கள். முகம் தெரியாவிட்டால் வழக்கு நிற்காது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒரு மழைக்கால மதியம், முந்தின நாள் தனியாகக் கடலுக்குப் போன ஒருவர் கரை திரும்பவில்லை என்று தகவல் வந்தது. குமரிப் பக்கத்துத் தமிழர். அவர் மனைவி எங்கள் அறை வாசலிலேயே நின்றார். எஞ்சின் பழசு, எஞ்சின் பழசு என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வரவில்லை.

தெற்கே அனுப்பிய ட்ரோன் ஒரு வள்ளத்தைக் காட்டியது. மேலே நீலத் தார்ப்பாய், ஆளைக் காணோம். வள்ளம் காலி, ஆள் தண்ணீரில் விழுந்திருப்பார், ட்ரோனை நகர்த்திக் கடலில் தேடு என்றார் அதிகாரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் காற்றுக்குச் சும்மா கிடக்கிற தார்ப்பாய் எப்போதோ பறந்திருக்கும். இதை உள்ளேயிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோய் ஓர் இரவு முழுக்க மிதந்த மனிதர், காப்பாற்ற வந்ததைக் கண்டு ஒளிந்துகொண்டிருக்கிறார். அப்படி ஒளியப் பழக்கியவளும் நான்தான். நகர்த்த மாட்டேன் என்றேன். பேட்டரி இன்னும் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்றார் அவர்.

ட்ரோனில் ஒலிபெருக்கி உண்டு. அதுவரை அது எச்சரிக்கை மட்டுமே பேசியிருக்கிறது, அதுவும் மலையாளத்தில். நான் மைக்கை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"நான்தான் பேசுதேன். வலை போனா போவட்டு. நீங்க வெளிய வாங்க."

தார்ப்பாயின் ஒரு மூலை விலகியது. முதலில் தலை, பிறகு இரண்டு கைகள். அவை எங்களை நோக்கி ஆடின. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

மீட்புப் படகுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு வருடத்தில் ஒரு மீனவர் என் கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பெருமையாக இருந்தது. அவர் காலடியில் கிடந்தது எந்த வலை என்று நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.